புயல் போன பிறகு வரும் வெள்ளம்

அமெரிக்காவின் வடக்கு கரோலினா மாநிலத்தில், டார் ஆற்றங்கரையில் உள்ள சிற்றூர் பிரின்ஸ்வில். அடிமைத்தளையிலிருந்து விடுபட்ட கறுப்பின மக்கள் 1865-இல் குடியேறிய தாழ்நிலம் அது. 1885-இல் முறைப்படி நகரமானது. அடிக்கடி வெள்ளம் புகுந்ததால் 1960-களில் ராணுவப் பொறியாளர் படை அங்கே கரை எழுப்பியது. முப்பது ஆண்டுகள் ஊர் நிம்மதியாகத் தூங்கியது.

1999 செப்டம்பர் தொடக்கத்தில் டென்னிஸ் புயல் மண்ணை ஊற வைத்துவிட்டுப் போயிருந்தது. செப்டம்பர் 16-இல் ஃபிளாய்ட் புயல் கரை கடந்தபோது, இனி ஒரு சொட்டு நீரையும் குடிக்க நிலத்துக்கு இடமில்லை. புயலுக்கு அஞ்சி அட்லான்டிக் கடலோரத்தில் 20 லட்சத்துக்கும் அதிகமானோர் வெளியேறினார்கள். உயிர்ச்சேதமோ பெரும்பாலும் உள்நாட்டில், ஆற்று வெள்ளத்தில்தான் நேர்ந்தது. பிரின்ஸ்வில் கூரை வரை மூழ்கியது. கல்லறைத் தோட்டத்துச் சவப்பெட்டிகள்கூட மேலெழுந்து மிதந்தன.

சிற்றூர்கள் ஏமாறுவது இங்கேதான். புயலுக்குச் சொல்லப்படும் 1 முதல் 5 வரையிலான வகை எண் காற்றின் வேகத்தை மட்டுமே குறிக்கிறது. மழையைப் பற்றியோ, ஆறு எவ்வளவு உயரும் என்பது பற்றியோ அது எதுவும் சொல்வதில்லை. மேல்பகுதியில் பெய்த மழை ஆற்றில் சேர்ந்து ஊரை எட்டச் சில நாள் ஆகலாம். வானம் வெளுத்து வெயில் அடிக்கும் நாளில்கூட வெள்ளம் ஊருக்குள் நுழையும்.

2016 அக்டோபரில் மேத்யூ புயலின்போது அப்படித்தான் நடந்தது. மழை விட்ட பின்னும் டார் ஆறு ஏறிக்கொண்டே இருந்தது. கரையைச் சுற்றிக்கொண்டு ஊருக்குள் பாய்ந்தது. இம்முறை முன்கூட்டியே வெளியேற்ற உத்தரவு வந்ததால் மக்கள் பாதுகாப்பான இடங்களுக்குப் போயிருந்தார்கள். நூற்றுக்கணக்கான வீடுகள் மீண்டும் நாசமாயின.

ஆகவே உத்தரவு வந்ததும் கிளம்பிவிட வேண்டும். தண்ணீர் வாசலுக்கு வந்த பிறகு கிளம்பினால் வழி இருக்காது. ஓடும் நீர் 15 சென்டிமீட்டர் இருந்தாலே பெரியவர்களின் கால் வழுக்கும். 30 சென்டிமீட்டரில் சிறிய கார் இழுபடும். 60 சென்டிமீட்டர் பெரிய வண்டிகளையும் அடித்துச் செல்லும். சாலை தெரியாத நீரில் வண்டியை இறக்கவே கூடாது.

போக வேண்டிய முகாம், மேட்டுப்பாங்கான மாற்றுவழி, வண்டி இல்லாத அண்டை வீட்டு முதியவரை யார் ஏற்றிக்கொள்வது ஆகியவற்றை முன்பே பேசி முடிவுசெய்ய வேண்டும். ஆளுக்கு நாளொன்றுக்கு சுமார் 4 லிட்டர் தண்ணீர், குறைந்தது 3 நாளுக்கு. மருந்து, டார்ச், நீர் புகாத உறையில் ஆவணங்கள் ஆகியவற்றையும் எடுத்து வைக்க வேண்டும். திரும்பி வந்ததும் ஜெனரேட்டரை வீட்டுக்குள் ஓட்டக் கூடாது. அதன் புகையிலுள்ள நச்சு வாயுவுக்கு வாசனையே கிடையாது.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அமெரிக்காவில் சாதாரண வீட்டுக் காப்பீடு வெள்ளச் சேதத்தை ஏற்பதில்லை. அரசின் வெள்ளக் காப்பீடு பொதுவாக 30 நாள் கழித்தே நடைமுறைக்கு வரும். புயல் பருவமோ ஜூன் 1-இல் தொடங்கிவிடுகிறது. விண்ணப்பத்தை ஏப்ரல் மாதத்திலேயே கொடுத்துவிட வேண்டும்.