எட்டியின் இனமும் மனச்சோர்வும்

திருப்பதி மாவட்டத்துக் காளஹஸ்தியைச் சார்ந்த மலைப்பகுதிகளில் வாழ்வோருக்கு எட்டி மரம் புதியதன்று. ஹோமியோபதியர் அதனை ‘நக்ஸ் வாமிகா’ என்பர். பிலிப்பைன்ஸ் தீவுகளில் வளரும் அதன் இனக்கொடியே இக்னேஷியா. துக்கத்தால் விளையும் மனச்சோர்வுக்கு அவர்கள் பெரிதும் நாடும் மருந்து. இரண்டின் விதையிலும் ஸ்ட்ரிக்னின் என்னும் கொடிய நஞ்சு உண்டு.

நஞ்சு மருந்தாவது எங்ஙனம்? ஒரு பங்குச் சாற்றை 99 பங்குச் சாராயத்தில் கலந்து குலுக்குவர். அக்கலவையில் ஒரு பங்கெடுத்து மீண்டும் அவ்வாறே செய்வர். 30 முறை செய்தால் ‘30 வீரியம்’. பன்னிரண்டாம் முறையைக் கடந்தாலே மூலப்பொருளின் ஒரு மூலக்கூறேனும் எஞ்சுவது அரிது. நஞ்சச்சம் நீங்கியது, மருந்தும் உடன் நீங்கிற்று எனலாம். ஆஸ்திரேலிய அரசின் மருத்துவ ஆராய்ச்சி மன்றம் 2015-இல் ஆய்வுகளைத் தொகுத்து நோக்கி, எந்நோய்க்கும் ஹோமியோபதி பயன் தருவதாக நம்பத்தகுந்த சான்று இல்லை என்றது. நம் நாட்டில் 1973-ஆம் ஆண்டுச் சட்டம் இம்முறைக்கு அங்கீகாரம் அளித்தது உண்மையே. அங்கீகாரம் வேறு, சான்று வேறு.

மருத்துவரிடம் மனம்விட்டுப் பேசுவது ஆறுதல் தரும். ஆயினும், சோர்வு இரு வாரங்களுக்கு மேல் நீடித்தாலோ, உயிர்மேல் வெறுப்புத் தோன்றினாலோ, உருண்டைகளை நம்பிக் காலம் கடத்தலாகாது. 2022-இல் தொடங்கப்பெற்ற அரசின் டெலி-மானஸ் சேவையை 14416 என்னும் எண்ணில் கட்டணமின்றி அழைக்கலாம். எட்டி விதையை வீட்டில் இடித்து உண்பதோ உயிருக்கே ஆபத்து.