தரங்கம்பாடியில் ஒரு டைம்டேபிள்

பொதுத் தேர்வு நெருங்கினால் போதும். கல்வராயன் மலைக் கிராமங்களிலிருந்து இறங்கிவந்து கள்ளக்குறிச்சி விடுதிகளில் தங்கிப் படிக்கும் பிள்ளைகள் சுவரில் டைம்டேபிள் ஒட்டிவிடுவார்கள். அதிகாலை 4 மணியிலிருந்து நள்ளிரவு வரை படிப்பு மட்டும்தான். கிறிஸ்தவப் பிள்ளைகள் என்றால் முதலில் அடிபடுவது ஜெபமும் ஞாயிறு ஆராதனையும். அடுத்தது தூக்கம். ஒரே வாரத்தில் டைம்டேபிளும் காணாமல் போகும். 'நமக்குப் படிப்பு வராது' என்ற எண்ணம் மட்டும் மிஞ்சும்.

இந்தப் பிள்ளைகளுக்கு உதவும் டைம்டேபிள் ஒன்று, 300 ஆண்டுகளுக்கு முன்பே தரங்கம்பாடியில் எழுதப்பட்டது.

டென்மார்க் மன்னர் அனுப்பிய ஜெர்மானிய மிஷனரி பர்த்தலோமேயு சீகன்பால்கு, 1706 ஜூலை 9 அன்று அங்கே வந்து இறங்கினார். அப்போது அவருக்கு 23 வயது. தமிழில் ஓர் எழுத்தும் தெரியாது. சின்னப் பிள்ளைகளோடு உட்கார்ந்து, மணலில் விரலால் எழுதிப் பழகினார். பிறகு தன் அன்றாட ஒழுங்கை ஒரு கடிதத்தில் விவரித்தார்.

காலை ஜெபம். 6 முதல் 7 வரை ஞானோபதேசம் கற்பித்தல். 7 முதல் 8 வரை, முன்பு கற்ற சொற்களைத் திரும்பப் பார்த்தல். அதன் பிறகுதான், 8 முதல் 12 வரை, ஆசிரியரோடு புதிய பாடம். சாப்பாடு முடிந்ததும் 1 முதல் 2 வரை ஓய்வு. பிற்பகலில் மறுபடி வகுப்பும் வாசிப்பும். மாலையில் ஜெபக்கூட்டம். இரவு 7 மணிக்கு, விளக்கு வெளிச்சத்தில் கண்ணை வருத்தாமல், இன்னொருவர் வாசிக்கக் கேட்டார்.

இதில் மூன்று விஷயங்கள் கவனிக்கத்தக்கவை. பழைய பாடத்தைத் திரும்பப் பார்த்த பிறகே புதிய பாடம். ஓய்வுக்கும் நேரம் குறித்தாயிற்று. அதனால் குற்ற உணர்ச்சிக்கு இடமில்லை. ஜெபம் மிச்ச நேரத்துக்குத் தள்ளப்படவில்லை. நாளின் தொடக்கத்திலும் மாலையிலும் அதற்கு உறுதியான இடம் இருந்தது.

பலன்? 1708-இல் தொடங்கிய புதிய ஏற்பாட்டுத் தமிழ் மொழிபெயர்ப்பை 1711-இல் முடித்தார். 1715-இல் அது அச்சாகி வெளிவந்தது.

பள்ளிப் பிள்ளைகள் அவருடைய மணிக்கணக்கை அப்படியே காப்பியடிக்க வேண்டியதில்லை. காலையில் பத்து நிமிட ஜெபம், நேற்றைய பாடத்துக்கு அரை மணி, அப்புறம் புதிய பாடம். இரவில் கண் சோர்ந்தால் விடுதித் தோழர் வாசிக்க, மற்றவர் கேட்கலாம். ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குப் போய்வந்து, வீட்டோடு போனில் பேசலாம். ஒரு நாள் தவறினால் டைம்டேபிளைக் கிழிக்க வேண்டாம். மறுநாள் அதே நேரத்துக்கு உட்கார்ந்தால் போதும்.