மிருக வைத்தியருக்கு வலக்கை

கிருலப்பனையில் வாழும் நமக்குப் பசு என்றால் காலைப் பால்தான் நினைவுக்கு வருகிறது. அப்பசுவின் நலம் பேணுவோரை நாம் எண்ணுவதில்லை.

மிருக வைத்தியராக விரும்பும் மாணவர் பேராதனைப் பல்கலைக்கழகத்தை நாடுகின்றனர். அங்கே இடங்கள் சிலவே. இடம் கிடையாதவர் மனமுடைந்து பிராணிகளை மறந்துவிட வேண்டுமா? வேண்டியதில்லை. கண்டிக்கு அண்மையில், குண்டசாலையில், கால்நடை வளர்ப்புக் கல்லூரி உள்ளது. தீவனம், இனவிருத்தி, நோய்த்தடுப்பு ஆகியவற்றை ஈராண்டுகள் தொழுவத்தில் இறங்கியே கற்கலாம்.

டிப்ளோமா பெற்றவர் அரசாங்க மிருக வைத்திய அலுவலகத்தில் கால்நடை அபிவிருத்திப் போதனாசிரியராகலாம். செயற்கைச் சினைப்படுத்தல், தடுப்பூசி, வளர்ப்போருக்கு ஆலோசனை ஆகியன அவர் பணிகள். பாற்பண்ணைகளும் கோழிப்பண்ணைகளும் இத்தகையோரை வேண்டுகின்றன; சொந்தப் பண்ணை அமைப்போரும் உண்டு.

ஆயினும் இரண்டை மறைத்தலாகாது. அரசாங்க நியமனம் வெற்றிடங்களைப் பொறுத்தது. டிப்ளோமா ஒருவரை வைத்தியராக்காது. 1956ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவு பெற்றவரே மிருக வைத்தியத் தொழில் புரியலாம்.

பெற்றோரே, பெயருக்கு முன்னால் வரும் பட்டத்தை மட்டும் பார்த்துப் பிள்ளையின் விருப்பத்தை அடைத்துவிடாதீர்கள். வாயில்லாச் சீவனின் நோவை அறியும் கை, எப்பதவியில் இருந்தாலும் உயர்ந்த கையே.