வீட்டுக் கொடுமையும் அகதி உரிமையும்

'கதி' என்னுஞ் சொல்லுக்குப் புகலிடம் என்றும் ஒரு பொருளுண்டு. அக்கதியற்றவரே அகதி. அகதி என்றதும், போருக்கும் கலகத்துக்கும் அஞ்சி ஊர்விட்டோடும் மக்கட்கூட்டமே நம் மனக்கண்முன் தோன்றும். கணவனுடைய அடிக்கு அஞ்சி நாடு கடந்த பெண்ணும் சட்டத்தின் கண்ணில் அகதியாவாளா? இவ்வினாவை இன்று சிறிது ஆராய்வோம்.

1951 ஆம் ஆண்டு ஜெனீவாவில் உருவான அகதிகள் சமவாயம் ஐந்து காரணங்களைக் குறிப்பிடுகின்றது. அவை இனம், மதம், தேசியம், அரசியற் கருத்து, குறித்ததொரு சமூகக் குழுவைச் சேர்ந்திருத்தல் என்பன. இவற்றுள் ஒன்றினாலே துன்புறுத்தப்படலாமெனத் தக்க காரணத்தோடு அஞ்சித் தன் நாட்டுக்குப் புறத்தே நிற்பவரே அகதி. பெண்ணாயிருத்தல் இவ்வரிசையில் இல்லை. ஆதலின், கணவன் செய்யுங் கொடுமை குடும்ப விவகாரமென்றும், அவன் அரசாங்கமல்லன் என்றுங் கூறிப் பெண்களின் விண்ணப்பங்கள் பல நாடுகளிலே தள்ளப்பட்டு வந்தன. 1993 இல் கனடாவின் குடிவரவு, அகதிகள் சபை இத்தகைய விண்ணப்பங்களை ஆராய்தற்கென வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது.

1999 இல், அக்காலத்தே பிரித்தானியாவின் உச்ச நீதிமன்றாயிருந்த பிரபுக்கள் சபையின் முன் ஒரு வழக்கு வந்தது. கணவரால் வீட்டினின்றுந் துரத்தப்பட்ட பாகிஸ்தானியப் பெண்கள் இருவர், திரும்பிச் சென்றாற் கற்புநெறி தவறியவரென்ற பொய்ப்பழிக்கும் வன்முறைக்கும் ஆளாவோமென அஞ்சினர். ஹொஃப்மன் பிரபு ஓர் உதாரணங் காட்டினார். நாசி ஜேர்மனியில் யூத வணிகர் ஒருவரின் கடையைப் போட்டி வணிகர் தாக்குகின்றனர். தாக்கியோரின் நோக்கம் வியாபாரப் பொறாமையாகலாம். ஆனால், அவர் யூதரென்பதாலேயே அரசு அவரைக் காக்கவில்லை. ஆகவே, அவர் இனத்தின் பொருட்டுத் துன்புறுத்தப்பட்டவரே.

இவ்வழக்கும் அத்தகையதே. கணவன் அடித்தற்குக் காரணம் அவனுடைய சொந்தக் கோபமாகலாம். பெண்ணென்பதனால் அரசு அவளுக்குப் பாதுகாப்பை மறுக்கின்றது. கொடுந்தீங்கும் அரசின் கைவிடுதலுஞ் சேர்ந்தபோது, அது சமவாயங் கூறுந் துன்புறுத்தலாகின்றது. பாகிஸ்தானியப் பெண்கள் ஒரு சமூகக் குழுவினரே என நீதிபதிகளுட் பெரும்பான்மையோர் தீர்த்தனர். 2024 இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றமும், ஒரு நாட்டுப் பெண்கள் அனைவருமே அத்தகைய குழுவினராகக் கருதப்படலாமென்றது.

எனினும், எங்கும் இக்கருத்து நிலைபெற்றுவிட்டதெனக் கூறவியலாது. அமெரிக்காவில், கணவனைவிட்டு விலக இயலாத குவாத்தமாலா நாட்டு மணமான பெண்களை 2014 இல் குடிவரவு மேன்முறையீட்டுச் சபை ஒரு குழுவாக ஏற்றது. 2018 இல் சட்டமா அதிபர் அத்தீர்ப்பைத் தள்ளினார். 2021 இல், பின்னாளில் அப்பதவிக்கு வந்த வேறொருவர் அம்முடிவை நீக்கினார்.

விண்ணப்பிக்கும் பெண்ணின் சுமையும் சிறிதன்று. தன் அரசு தன்னைக் காவாதென்பதையும், தன் நாட்டிலேயே வேறோரூரிற் சென்று அச்சமின்றி வாழ இயலாதென்பதையும் அவள் காட்டல் வேண்டும். நான்கு சுவர்களுக்குள் விழும் அடிக்குச் சாட்சி ஏது? நாணமும் அச்சமும் அவள் நாவைக் கட்டும். இதனாலன்றோ, குடும்பத்து ஆடவர் உடனிராது பெண்களைத் தனியே விசாரித்தல் வேண்டுமென ஐக்கிய நாடுகளின் அகதிகள் உயர் ஆணையாளர் அலுவலகம் 2002 இல் அறிவுறுத்தியது!

கொடுமைக்குள்ளான பெண்கள் அனைவரும் அகதிகளாகிவிடுவரென்பது இதன் பொருளன்று. சொந்த நாட்டின் பொலிசும் நீதிமன்றமும் அவளுடைய முறைப்பாட்டை ஏற்று அவளைக் காக்குமாயின், அவள் எல்லை கடந்து புகலிடந் தேடவேண்டிய தேவையே எழாது.