வேலை நடுவே கொஞ்சம் நிற்பது ஏன்?

கல்முனைக் கடைகளில் வேலைக்கு நின்ற நம் பிள்ளைகளுக்குத் தெரியும். பாங்கு சொன்னதும் முதலாளி தராசை வைத்துவிட்டுப் பள்ளிக்குப் போவார். முஸ்லிம்கள் கூடுதலாக வாழும் ஊர் அது. கிறிஸ்தவர்கள் கொஞ்சப் பேர்தான். கத்தோலிக்கருக்கும் காலை, பகல், மாலை என்று திரிகால செபம் உண்டு. வேலையை நடுவில் நிறுத்தி ஆண்டவனை நினைக்கிற வழக்கம் இரண்டு பக்கமும் இருக்கிறது.

அப்போது உடம்புக்குள் என்ன நடக்குது? இத்தாலி டாக்டர் லூசியானோ பெர்னார்டியும் கூட்டாளிகளும் 23 பேரைப் பரிசோதித்து 2001இல் எழுதினார்கள். செபமாலைச் செபத்தை லத்தீனில் சொன்னபோதும், ஒரு மந்திரம் சொன்னபோதும், மூச்சு நிமிடத்துக்கு ஏறக்குறைய 6 தடவையாகக் குறைந்ததாம். சாதாரணமாக 12க்கு மேல் இருக்கும். செபமாலை அரபு நாட்டார் வழியாக ஐரோப்பா போயிருக்கலாம் என்றும் எழுதினார்கள். அப்படியானால் தஸ்பீஹ் மணியும் செபமாலையும் சொந்தக்காரர்கள்! எங்களுக்கு இது பிடித்த செய்தி.

கோபமோ பயமோ வந்தால் மூளைக்குள் வாதுமைக் கொட்டை அளவான அமிக்டலா சட்டென்று அலறும். நெஞ்சு படபடக்கும். நெற்றிக்குப் பின்னால் உள்ள பகுதிதான் யோசித்து அடக்க வேண்டும். அதற்குக் கொஞ்ச நேரம் வேணும். மூச்சை மெதுவாக, நீளமாக வெளியே விட்டால் வேகஸ் என்ற நரம்பு இதயத் துடிப்பைக் குறைக்கும். அந்த நேரமும் கிடைக்கும்.

நிறுவையில் கொழுந்துக் கிலோவை வெட்டிவிட்டார்கள் என்று வைப்போம். அந்த ஆத்திரம் லயத்துக்கு வந்ததும் பிள்ளை மேல் பாயுது. வாசலிலேயே நின்று பத்து மூச்சு விட்டுப் பாருங்க. "நின்னா கிலோ திரும்பி வருமா?" என்று கேட்பீங்க. வராது, அதுக்குச் சங்கத்துக்குத்தான் போகணும். ஆனால் பிள்ளைக்கு அடி விழாது.

கிறிஸ்தவர்கள் மூச்சை எண்ணுவதற்காகச் செபிப்பதில்லை. இயேசு விடியுமுன் எழுந்து தனியிடம் போய்ச் செபித்ததை மாற்கு முதல் அதிகாரத்தில் காணலாம். ஆண்டவர் முன்னால் இருப்பதற்கான நேரம் அது. மூச்சு இறங்குவது கூடவே கிடைக்கிற நன்மை.

ஒரு எச்சரிக்கை. 26.12.2004 சுனாமியில் கல்முனை, மருதமுனை, சாய்ந்தமருது பக்கம் உறவை இழந்தவர்களும், 2014இல் மீரியபெத்தை மண்சரிவைக் கண்டவர்களும் நம்மிடையே இருக்கலாம். கண்ணை மூடினால் சிலருக்கு அந்தக் காட்சியே வரும். அவர்கள் கண் திறந்தபடி, பக்கத்தில் ஒருவரோடு இருக்கட்டும். பயம் விடாவிட்டால் டாக்டரிடம் சொல்லுங்கள். பிரஷர் குளிசை எடுப்பவர்கள் இதை நம்பிக் குளிசையை நிறுத்த வேண்டாம்; கிளினிக் நாளையும் தவறவிட வேண்டாம்.