கழிவுநீரில் உழைக்கும் நுண்ணுயிர்கள்

அரியலூர் வட்டாரம் சுண்ணாம்புக்கல்லுக்குப் பெயர் பெற்றது. பண்டொரு காலத்தில் கடல் பரவியிருந்த அந்நிலத்தில் கடல்வாழ் உயிர்களின் கற்படிவங்கள் இன்றும் கிடைக்கின்றன. அதனை அடுத்துள்ள பெரம்பலூரும் வெயில் மிகுந்த பகுதியே. சுண்ணாம்பும் வெப்பமும் கழிவுநீரைத் தூய்மை செய்யத் துணைபுரிவன என்றால் சிலருக்கு வியப்புத் தோன்றலாம்.

கழிவுநீரில் நைட்ரஜன் பெரும்பாலும் அம்மோனியாவாக உள்ளது. அஃது ஏரியிற் கலந்தால் பாசி பெருகும், மீன்கள் மடியும். மண்ணில் ஊறி நைட்ரேட்டாக மாறிக் கிணற்றை அடைந்தாலோ, பச்சிளங் குழந்தைகளின் குருதி பிராணவாயுவைச் சுமக்கும் ஆற்றல் குன்றி, உடல் நீலம் பாரிக்கும். ஆதலின் குடிநீரில் லிட்டருக்கு 45 மில்லிகிராமுக்கு மேல் நைட்ரேட் இருத்தலாகாது என்பது இந்தியத் தர அளவு.

அம்மோனியாவை நைட்ரேட்டாக மாற்றுவது யாது? 1877-ஆம் ஆண்டில் ஷ்லேசிங், முன்ட்ஸ் என்னும் பிரெஞ்சு அறிஞர் இருவர், நீண்டதொரு குழாயில் மணலையும் சுண்ணாம்புக்கற் பொடியையும் நிரப்பி, அதன் வழியே சாக்கடை நீரை நாள்தோறும் சிறிது சிறிதாகச் செலுத்தினர். இருபது நாட்கள் வரை யாதொரு மாறுதலும் இல்லை. பிறர் கைவிட்டிருக்கக்கூடும், அவர்கள் பொறுத்திருந்தனர். பின்னர் நைட்ரேட் தோன்றிற்று, அம்மோனியா மறைந்தது. வெறும் இரசாயன மாற்றமாயின் இத்துணைத் தாமதம் ஏன்? குளோரோபாரம் ஆவியைச் செலுத்தவே மாற்றம் நின்றது. ஆவியை நீக்கிய பின்னும் அது தொடங்கவில்லை. மண் கரைத்த நீரைச் சிறிது ஊற்றியபின் மீண்டும் தொடங்கிற்று. இஃது உயிர்களின் செயலே என்பது தெளிவாயிற்று. அவ்வுயிர்களை 1890-ஆம் ஆண்டளவில் தனியே பிரித்தெடுத்தவர் ருஷிய அறிஞர் வினோகிராட்ஸ்கி.

இம்மாற்றத்தின்போது அமிலம் உண்டாகும்; அது மிகுந்தால் நுண்ணுயிர்கள் சோர்ந்துவிடும். குழாயிலிருந்த சுண்ணாம்பு அந்த அமிலத்தை முறித்தது. ஒரு கிராம் நைட்ரஜன் மாறுவதற்கு ஏறத்தாழ ஏழு கிராம் சுண்ணாம்புக்கல்லுக்கு ஈடான காரத்தன்மை செலவாகிறது. இவ்வாறு உண்டான நைட்ரேட்டை வேறுவகை நுண்ணுயிர்கள், காற்றோட்டமில்லாத தொட்டியில், நைட்ரஜன் வாயுவாக்கி வானிற் கலக்கச் செய்கின்றன. இவ்விரண்டாம் தொட்டி இல்லையேல் முதல் வேலையாற் பயன் பாதியே.

இனி, குளிரில் நிகழ்வது வேறு. வெப்பம் பத்துப் பாகை குறைந்தால் முதல்வகை நுண்ணுயிர்களின் வேகம் பாதியாகவோ அதனினும் குறைவாகவோ ஆகும். அவை பெருகுமுன் நீரோடு அடித்துச் செல்லப்பட்டால் தொட்டியில் உழைப்பார் எவருமிலர். உதகமண்டலத்தில் பனிக்கால இரவுகள் உறைநிலையை நெருங்குவதுண்டு. 1820-களில் ஜான் சலிவன் அமைத்த அந்நகர் ஏரியில் பிற்காலத்தில் கழிவுநீர் கலந்து, ஆகாயத்தாமரை படர்ந்தது. பெரம்பலூரின் வெயிலில் விரைந்து முடியும் வேலைக்கு அத்தகைய மலையூரில் பெரிய தொட்டி தேவை. படிந்த சேற்றை மீண்டும் மீண்டும் தொட்டிக்கே திருப்பி, நுண்ணுயிர்களை நெடுநாள் இருத்துவர். குளிர்நாடாகிய நார்வேயில், சிறு பிளாஸ்டிக் துண்டுகளை நீரில் மிதக்கவிட்டு, அவற்றின்மேல் நுண்ணுயிர்கள் ஒட்டி வாழும் முறையை வகுத்தனர். நீர் வெளியேறினும் அவை தொட்டியிலேயே தங்கிவிடுகின்றன.