"என் மூக்குத்தி எங்கேடா?" - பழைய போட்டோவை ஸ்கேன் செய்ய எந்த சாஃப்ட்வேர் நல்லது?

பொங்கல் லீவுக்கு ஊருக்கு வந்த பேரன், பரணில் கிடந்த டிரங்குப் பெட்டியை இறக்குகிறான். உள்ளே கல்யாண ஆல்பம், கவரில் போட்டு வைத்த நெகட்டிவ்கள், பின்பக்கம் ஸ்டுடியோ சீல் குத்திய கருப்பு வெள்ளைப் படங்கள். புதிதாக வாங்கிய ஸ்கேனரில் ஒவ்வொன்றாக வைத்து, எல்லாவற்றையும் 'ஆட்டோ'வில் விட்டு, குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் போடுகிறான். ஹார்ட்டுகள் குவிகின்றன. பாட்டி மட்டும் போனைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்துவிட்டுக் கேட்கிறார், "எல்லாம் சரிடா... என் மூக்குத்தி எங்கே?"

கற்பனைக் காட்சிதான். ஆனால், எந்த வீட்டிலும் நடக்கக்கூடியது. ஸ்கேனர் சாஃப்ட்வேர்களில் 'டஸ்ட் ரிமூவல்' என்று ஒரு வசதி உண்டு. சுற்றியிருக்கும் இடத்தைவிட திடீரென்று வெளுத்தோ கறுத்தோ தெரியும் சின்னச் சின்னப் புள்ளிகளைத் தேடி, பக்கத்து நிறத்தைக் கொண்டு நிரப்பிவிடும். அதற்குத் தூசும் ஒன்றுதான், மூக்குத்தியின் மினுக்கும் ஒன்றுதான். தோட்டில் இருக்கும் கல், ஜரிகைப் புள்ளி, கன்னத்து மச்சம் எல்லாமே ஆபத்தில்தான். அளவை 'ஹை'யில் வைத்தால் இன்னும் தாராளமாகத் துடைக்கும்.

ஸ்கேனர் வாங்கும்போது பத்து வீடியோ பார்க்கிறோம். அதை இயக்கும் சாஃப்ட்வேரைப் பற்றி யோசிப்பதில்லை. பெட்டியோடு வந்ததைப் போட்டுக்கொண்டு போய்விடுகிறோம். ஆனால் எதைத் துடைப்பது, எந்த நிறத்தை மாற்றுவது, எதைச் சேமிப்பது என்று முடிவு செய்வது அதுதான்!

முதலில் பெட்டிக்குள் என்ன இருக்கிறது?

வெறும் பிரிண்ட் படங்கள் மட்டும் என்றால் விஷயம் சுலபம். வீட்டில் இருக்கும் ஆல் இன் ஒன் பிரின்டரின் ஸ்கேனரோ, கேனான் லைட் வகை மெல்லிய ஸ்கேனரோ போதும். அவற்றோடு வரும் சாஃப்ட்வேரே பெரும்பாலும் சமாளித்துவிடும். மேக் கம்ப்யூட்டரில் 'இமேஜ் கேப்சர்' ஏற்கெனவே இருக்கிறது. கண்ணாடியில் நான்கு படங்களை இடைவெளி விட்டு வைத்தால், நான்கையும் தனித்தனி ஃபைலாகப் பிரித்துத் தரும். விண்டோஸில் மைக்ரோசாஃப்ட்டின் 'ஸ்கேன்' ஆப் இலவசம். 'நாப்ஸ்2' என்ற இலவச சாஃப்ட்வேரைப் பலரும் புகழ்வார்கள். நல்லதுதான், ஆனால் அது பத்திரம், மார்க் ஷீட் போன்றவற்றை பிடிஎஃப் ஆக்குவதற்கானது. போட்டோவுக்கு அது முதல் தேர்வாக இருக்க வேண்டியதில்லை.

நெகட்டிவ் இருந்தால் கதையே வேறு. பிரிண்ட் ஸ்கேனர், படத்தின் மேல் பட்டுத் திரும்பும் ஒளியைப் படிக்கிறது. ஃபிலிமுக்கு ஒளி அதை ஊடுருவி வர வேண்டும். அதற்கு மூடியிலும் விளக்கு உள்ள எப்சன் வி600 போன்ற ஸ்கேனரோ, பிளஸ்டெக் ஆப்டிக்ஃபிலிம் போன்ற ஃபிலிமுக்கென்றே உள்ள ஸ்கேனரோ தேவை. இந்த விளக்கு இல்லாத ஸ்கேனரில் எவ்வளவு விலை உயர்ந்த சாஃப்ட்வேரைப் போட்டாலும் பலன் இல்லை.

பிரிண்ட் கையில் இருக்கும்போது நெகட்டிவ் எதற்கு என்று தூக்கிப் போட்டுவிடாதீர்கள். பிரிண்டில் வெளுத்துப்போன முகம், நெகட்டிவில் இன்னும் தெளிவாக இருக்கலாம்.

கூரைப்புடவை டெஸ்ட்

எந்த சாஃப்ட்வேரையும் சோதிக்க ஒரு எளிய வழி உண்டு. அரக்கு அல்லது சிவப்புப் புடவை படம் முழுக்க நிறைந்திருக்கும் ஒரு கல்யாணப் போட்டோவை எடுங்கள். 'ஆட்டோ கலர்' போட்டு ஒன்று, அதை நிறுத்திவிட்டு ஒன்று ஸ்கேன் செய்து பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

பல ஆட்டோ வசதிகள், ஒரு படத்தின் எல்லா நிறங்களையும் கலந்தால் ஏறக்குறைய சாம்பல் நிறம் வரும் என்ற அனுமானத்தில் வேலை செய்பவை. மலை, வானம், தெரு என்றால் இது ஓரளவு சரிவரும். மணமேடையில் வராது. புடவை, குங்குமம், மாலை என எல்லாம் சிவப்பாக இருப்பதைப் பார்த்து, 'படம் சிவப்பேறிக் கிடக்கிறது' என்று அது நினைத்துக்கொள்ளும். சிவப்பைக் குறைக்கும். புடவை மங்கும். மணப்பெண்ணின் முகம் காய்ச்சல்காரர் முகம்போல வெளிறும். மஞ்சள் பூசிய முகத்துக்கும் இதே கதிதான்.

ஆட்டோவை முழுக்க நிறுத்தும் வழி சாஃப்ட்வேரில் இருக்கிறதா என்பதைத்தான் முதலில் தேட வேண்டும். எப்சன் ஸ்கேனர்களோடு வரும் சாஃப்ட்வேரில் இருக்கிறது. சில ஆல் இன் ஒன் பிரின்டர்களின் மொபைல் ஆப்களில் அது கண்ணிலேயே படாது.

காசு கொடுத்து வாங்குவது எப்போது?

தனியாக விற்கப்படும் சாஃப்ட்வேர்களில் இரண்டு பெயர்கள் அடிக்கடி காதில் விழும். ஒன்று, 1998 முதல் இருக்கும் வியூஸ்கேன். இன்னொன்று, ஜெர்மனியின் சில்வர்ஃபாஸ்ட்.

வியூஸ்கேனின் பெரிய பலம், அது பழைய ஸ்கேனர்களைக் கைவிடாதது. புது விண்டோஸ் போட்டவுடன் ஸ்கேனர் வேலை செய்யவில்லை, கம்பெனி டிரைவர் தருவதை நிறுத்திவிட்டது என்று அதை மூலையில் போட்டு வைத்திருப்பவர்கள் நிறைய பேர். ஸ்கேனருக்குப் பெரும்பாலும் ஒன்றும் ஆகியிருக்காது. உற்பத்தியே நின்றுபோன நிக்கான் கூல்ஸ்கேன் ஃபிலிம் ஸ்கேனர்களைக்கூட இன்றும் பலர் வியூஸ்கேனில்தான் ஓட்டுகிறார்கள். புது ஸ்கேனர் வாங்கப் பணம் எடுக்கும் முன், அதன் ட்ரையலைப் போட்டுப் பார்ப்பது நல்லது. ட்ரையலில் படத்தின் மேல் டாலர் குறிகள் விழும். விழட்டும், ஸ்கேனர் ஓடுகிறதா என்று தெரிந்தால் போதுமே. ஒரு எச்சரிக்கை: ஃபிலிம் ஸ்கேன் செய்யும் வசதி புரொஃபஷனல் பதிப்பில்தான் உண்டு. விலை குறைவு என்று ஸ்டாண்டர்டு வாங்கிவிட்டு விழிக்கக் கூடாது.

சில்வர்ஃபாஸ்ட்டின் பலம் நெகட்டிவ் நிறங்கள். கலர் நெகட்டிவில் ஒரு ஆரஞ்சுப் படலம் தெரியும் அல்லவா? அது ஃபிலிமுக்கு ஃபிலிம் மாறும். எந்தக் கம்பெனியின் எந்த ஃபிலிம் என்று தேர்ந்தெடுத்தால், அதற்கேற்பப் படலத்தை நீக்கி நிறத்தைத் திருப்பித் தருகிறது. ஆனால் லைசென்ஸ் ஸ்கேனர் மாடலோடு கட்டப்பட்டது. நாளை வேறு ஸ்கேனர் வாங்கினால் மறுபடியும் செலவு. வியூஸ்கேனில் அந்தத் தொல்லை இல்லை. மெனுக்கள்தான் முதல் நாள் தலைசுற்ற வைக்கும். சில பிளஸ்டெக் ஃபிலிம் ஸ்கேனர்களோடு சில்வர்ஃபாஸ்ட் சேர்ந்தே வருகிறது. அப்படியிருக்க, தனியாக எதுவும் வாங்கத் தேவையில்லை.

காசே வேண்டாம் என்பவர்களுக்கும் வழி உண்டு. நெகட்டிவை நெகட்டிவாகவே ஸ்கேன் செய்து, 'டார்க்டேபிள்' என்ற இலவச சாஃப்ட்வேரில் உள்ள 'நெகடாக்டர்' பகுதியில் நிறத்தைத் திருப்பலாம். பொறுமை வேண்டும், அவ்வளவுதான்.

இரண்டு கட்டண சாஃப்ட்வேர்களிலும் காசுக்கு மதிப்பான விஷயம் ஒன்று உண்டு. ஸ்கேனர் கண்டதை எந்தத் திருத்தமும் இல்லாமல் 'ரா' ஃபைலாகச் சேமிக்கலாம். நிறம், தூசு, வெளிச்சம் எல்லாவற்றையும் பிறகு அந்த ஃபைலை வைத்துக்கொண்டே எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம். மூக்குத்தி காணாமல் போனால், பரணில் மறுபடி ஏற வேண்டாம்!

ஊட்டி ஃபிலிமுக்கு ஒரு தனி விதி

ஃபிலிம் ஸ்கேனர்களில் 'டிஜிட்டல் ஐஸ்' போன்ற பெயர்களில் அகச்சிவப்பு ஒளியை வைத்துத் தூசு நீக்கும் வசதி இருக்கும். கலர் ஃபிலிமின் சாயங்கள் வழியே அகச்சிவப்பு ஒளி போய்விடும். தூசு மட்டும் தடுக்கும். எனவே எது தூசு என்பது துல்லியமாகத் தெரிந்துவிடும். மூக்குத்திக்கு ஆபத்தில்லை.

கருப்பு வெள்ளை ஃபிலிமில் இது எடுபடாது. அங்கே படமே வெள்ளித் துகள்களால் ஆனது. வெள்ளியும் அகச்சிவப்பைத் தடுக்கும். ஆகவே, மொத்த முகத்தையும் தூசு என்று நினைத்துச் சிதைத்துவிடும். ஊட்டியின் ஹிந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் தயாரித்த 'இந்து' கருப்பு வெள்ளை ஃபிலிம் நம் ஊர் ஸ்டுடியோக்களில் புழங்கிய காலம் உண்டு. அந்தக் கால நெகட்டிவ்கள் உங்கள் பெட்டியில் இருந்தால், இந்த வசதியைக் கட்டாயம் அணைத்துவிடுங்கள். தூசை ஸ்கேன் செய்வதற்கு முன் புளோயரால் ஊதித் தள்ளுங்கள். வாயால் ஊதக் கூடாது, எச்சில் தெறிக்கும். சதுரமான பெரிய நெகட்டிவாக இருந்தால் அது 120 ஃபிலிமாக இருக்கலாம். அக்ஃபா கிளிக் 3 கேமராவில் எடுத்தவை அப்படித்தான் இருக்கும். அதை வைக்கும் ஹோல்டர் ஸ்கேனரோடு வருகிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

எத்தனை டிபிஐ?

பிரிண்டுக்கு 600 டிபிஐ தாராளம். 4x6 இன்ச் படம் 3600x2400 பிக்சல் வரும். 35 எம்எம் நெகட்டிவுக்கு 3200 டிபிஐ வைத்தால் சுமார் 1.37 கோடி பிக்சல் கிடைக்கும். பெட்டியில் 9600 என்று போட்டிருக்கிறதே என்று அதில் வைத்தால் நேரமும் இடமும்தான் வீண். முக்கியமான படங்களை டிஃப் ஃபைலாக ஹார்டு டிஸ்க்கில் வையுங்கள். 3200 டிபிஐ நெகட்டிவ், 48 பிட் டிஃப் என்றால் ஒன்றுக்கே 80 எம்பி தாண்டும். வாட்ஸ்அப்புக்கு அதிலிருந்து ஒரு ஜேபெக் எடுத்துக்கொள்ளலாம்.

ஒட்டும் பக்கங்கள் உள்ள ஆல்பத்தில் படம் பசையோடு ஒட்டிக்கொண்டதா? இழுக்காதீர்கள், கிழிந்துவிடும். ஆல்பத்தோடு ஸ்கேனரில் வையுங்கள். முடியாவிட்டால் கூகுளின் 'போட்டோஸ்கேன்' ஆப் இருக்கிறது. ஒரே படத்தைப் பல கோணங்களில் எடுக்க வைத்து, பிளாஸ்டிக் தாளின் பளபளப்பை நீக்கித் தரும். ஸ்கேனர் அளவுக்குத் துல்லியம் இருக்காது. கிழிந்த படத்தைவிட எவ்வளவோ மேல்.

இன்னொரு சின்ன வேலை. ஸ்கேன் செய்த படங்கள் போன் கேலரியில் இன்றைய தேதியில் போய் உட்காரும். 1984 கல்யாணம் நேற்று நடந்ததுபோல, மதியச் சாப்பாட்டு போட்டோவுக்குப் பக்கத்தில் கிடக்கும். 'டிஜிகேம்' என்ற இலவச சாஃப்ட்வேரில் ஒரு ஆல்பம் மொத்தத்துக்கும் தேதியை மாற்றலாம். யார் யார் படத்தில் இருக்கிறார்கள் என்ற பெயரையும் ஃபைலுக்குள்ளேயே எழுதிவைக்கலாம்.

பெயர் கேட்க பாட்டியைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள். படத்தின் பின்பக்கத்தையும் ஒரு ஸ்கேன் எடுத்துவிடுங்கள். ஸ்டுடியோ சீலும், தாத்தா மசிப் பேனாவில் எழுதிய தேதியும் அங்கேதான் இருக்கும்.